வெற்றிலைக்குள் கிராம்பு

ஞானப்பல் பிடுங்கியவனிடம் வாயைத் திறக்காதே என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு நடந்ததுதான் எனக்கு வினையாய்ப் போனது.

மதுரை மிஷன் ஆஸ்பத்திரியில் ஈறைக் கீறித்தான் அந்தப் பல்லை எடுத்தார்கள். பஞ்சைக் கடித்தபடியே இரு, பேசாதே, ஆறின கஞ்சி குடி, நாளையிலிருந்து உப்புத்தண்ணீரில் கொப்பளி என்றார் டாக்டர். தல்லாகுளத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் ஊசியின் மரமரப்பு விட்டுப்போனது. தாடையைக் கடப்பாரை போட்டு நெம்புவதுபோல் வலி. ஈரத்துணியைக் கன்னத்தில் ஒத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து கிடந்தேன்.

அப்போதுதான் எழுமலையிலிருந்து என் அக்காள் வந்தாள். கூடவே அவள் புருஷன், பங்காளிகள் இரண்டு பேர். என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் மகனுக்கு என் மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகளுக்கு டீச்சர் வேலைக்குப் படிக்க ஆசை. நானும் முடியாது என்று சொல்லிவிட்டேன். பேச்சு அதோடு முடிந்தது என்றிருந்தேன்.

அக்காள் மடித்த வெற்றிலையை நீட்டினாள்.

“தம்பி, உள்ள கிராம்பு வச்சிருக்கேன். வாங்கி அந்தப் பக்கமா அடக்கிக்க. வலி அம்புட்டும் ஓடிரும்.”

வலியில் கிடப்பவன் யோசிப்பானா? வாங்கினேன்.

“பாத்துக்கங்கப்பா,” என்றான் அவள் புருஷன் பங்காளிகளிடம். “மாப்ள வெத்தலைய வாங்கிட்டாரு. பொண்ணு நம்ம வீட்டுக்குத்தான்.”

“வாயத் தொறக்காமப் பொண்ணு குடுத்த ஆள இன்னிக்கித்தான் பாக்குறேன்,” என்று ஒருவன் சிரித்தான்.

எங்கள் வழக்கத்தில் நாலு பேர் பார்க்க வெற்றிலை வாங்கினால் பெண் கொடுக்கச் சம்மதம் என்று அர்த்தம். வெற்றிலையை வீசினேன். பஞ்சைத் துப்பினேன்.

“எம் மகள வெத்தலைக்குள்ள மடிச்சுக் கொண்டுபோகப் பாக்குறியா? எந்திரிச்சுப் போங்க!”

வேட்டியெல்லாம் ரத்தம்.

அவர்கள் வைதுகொண்டே போனார்கள். வாய் கழுவ அடுப்படிக்குப் போனேன். வந்தவர்களுக்கென்று முன்கூட்டியே ஒரு பானை நிறைய வெல்லப் பாயசம் காய்ச்சியிருந்தது. என் பெண்டாட்டி தலை நிமிரவில்லை.

“உங்க அக்காவ எம்புட்டு நாளைக்குப் பகைச்சுக்கிறது?” என்றாள்.

ரத்தம் நிற்காமல் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பஞ்சு வைத்துக்கொண்டேன். வீக்கம் வற்றுவதற்குள் மகளை மிஷன் பள்ளி விடுதியில் சேர்த்துவிட்டு வந்தேன். சொந்த வீட்டில் அவளை விட்டுவைக்க எனக்கு நம்பிக்கை இல்லை.