தராசு வாங்கிய இரண்டு தூளிகள்

என் தம்பிக்கு அவன் வேலை செய்யும் இடத்தில் வைத்த பெயர் தராசு. லிஃப்ட்டுகளைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் கம்பெனியில் பதினாறு வருடமாக இருக்கிறான். எந்தக் கம்பிக்கயிறு எத்தனை கிலோ தாங்கும், எத்தனை வருடத்தில் நைந்துபோகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவான். கட்டிய மனைவிக்கு எந்த வருடம் சலித்துப்போனது என்று கேட்டால் மட்டும் திருதிருவென்று விழிப்பான். தராசு என்பது பாசத்தில் வைத்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். நானும் அவன் நினைப்பில் மண்ணைப் போடவில்லை.

ஒரு வருடம் எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு துணிப்பையும் கருவிப்பெட்டியுமாக என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அன்றிலிருந்து எங்கள் பின்கட்டு அறை அவனுடையது. பிரியும்போது, பரணில் இருக்கிற உன் சாமான்களை எடுத்துக்கொண்டு போ என்று அவன் மனைவி நல்லபடியாகத்தான் சொல்லியிருக்கிறாள். இவன் ரோஷக்காரனாம். எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்துவிட்டான். பதினொரு வருடமாகச் சேர்த்த சாமான். ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும்போது அவள் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துவிட்டாள். அப்புறம்தான் இவன் போன் போட்டு, அந்தப் பச்சைத் தார்ப்பாய் மட்டும் இருக்கிறதா என்று விசாரித்தான். ரோஷத்துக்கும் ஒரு அளவு இருக்கிறது பாருங்கள்.

சாமான் என்றால் பாத்திரம் பண்டம் இல்லை. காட்டுக்குப் போய் இரண்டு மரத்துக்கு நடுவில் துணியைக் கட்டி அதில் படுத்துத் தூங்குவது அவனுடைய பைத்தியம். அதற்கு அவன் வாய் நிறைய ஒரு பெயர் சொல்லுவான். நான் தூளி என்றுதான் சொல்லுவேன். கைக்குழந்தைக்குக் கட்டினாலும் தூளிதான், நாற்பத்து மூன்று வயது ஆளுக்குக் கட்டினாலும் தூளிதான்.

இந்த வருடம் அவன் மகளிடமிருந்து ஒரு சேதி வந்தது. அவளுக்குப் பதின்மூன்று வயது. லீவில் மூன்று நாள் அப்பாவோடு காட்டுக்குப் போகச் சம்மதித்திருந்தாள். சேதியோடு ஒரு வாலும் இருந்தது. அதை அவள் அம்மா எனக்கு அப்படியே ஒப்பித்தாள். “இந்த ஒரு தடவை போய்ப் பாக்கறேன். நல்லா இல்லன்னா அடுத்த லீவுக்கு என்னைக் கேக்கவே கூடாது.” தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் வெளிறியது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பெண்ணிடம் என்ன பேசுவது, அவளுக்கு இப்போது என்ன பிடிக்கும் என்றெல்லாம் கவலைப்படப்போகிறான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் ஒரு கட்டம்போட்ட நோட்டு வாங்கிக்கொண்டு வந்தான்.

“அக்கா, எல்லாமே முதல்லேருந்து ஆரம்பிக்கிறேன். முன்னாடி பண்ணின தப்பு ஒண்ணையும் இந்தத் தடவை பண்ணமாட்டேன்” என்றான். எனக்கு ஒரு நிமிடம் கண்கூடக் கலங்கிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, அவன் சொன்ன தப்பு முன்பு வாங்கிய கொக்கிகள் இரும்பாக இருந்ததுதானாம்.

நான்கு மாதம் என் சாப்பாட்டு மேஜையில் நாங்கள் சாப்பிடவில்லை. என் சமையலறைத் தராசு அங்கே குடியேறிவிட்டது. தார்ப்பாயைத் தரையோடு இழுத்துக் கட்டுகிற முளை ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்து எழுதினான். ஒரே பெட்டியில் வந்த எட்டு முளைகளில் ஒன்று மட்டும் அரை கிராம் கூடுதலாக இருந்தது என்று அதைத் திருப்பி அனுப்பினான். பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தான். உள்பனியனில் இருந்த துணிச்சீட்டைக்கூடக் கத்தரித்தான். தினமும் சாயங்காலம் இரண்டு வடையோ நாலு பிஸ்கட்டோ குறைத்துத் தின்றால் தீர்ந்துபோகிற கனம் அதெல்லாம். சொன்னால், அது வேற கணக்கு அக்கா என்பான்.

தார்ப்பாய் தேர்ந்தெடுக்க ஏழு வாரம். இரண்டு தார்ப்பாய்களுக்கும் வித்தியாசம் முப்பத்தெட்டு கிராம். ஒன்று மழையைக் கொஞ்சம் நன்றாகத் தடுக்கும், இன்னொன்று கனம் குறைவு. இதை என் வீட்டுக்காரரிடம் கேட்டான், அவர் பேப்பருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரிடம் கேட்டான். பாவம், அந்த மனிதர் தோளில் சிலிண்டரோடு நின்று, உங்களுக்கு எது தோணுதோ அதை வாங்குங்க சார் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

போர்வைக் கதை இதைவிட விசேஷம். தூளியில் படுத்தால் உள்ளே விரிக்கிற போர்வை முதுகுக்கடியில் நசுங்கிப்போகுமாம், அதனால் குளிர் ஏறுமாம். ஆகவே போர்வையைத் தூளிக்கு வெளியே, அடியில் தொங்கவிட வேண்டுமாம். படுக்கைக்கு வெளியே போர்த்திக்கொள்ள ஒரு போர்வை வாங்கிய ஒரே ஆள் எங்கள் வம்சத்தில் இவன்தான். தூளியைக் கட்டுகிற பட்டையை மரத்தில் முப்பது டிகிரி சாய்வில் கட்ட வேண்டும் என்று போனில் கோணம் பார்த்துக்கொண்டு பூங்கா பூங்காவாக அலைந்தான். ஒரு பூங்காவில் காவலாளி விரட்டிவிட்டார். உடனே என் மொட்டைமாடியில் துணி காயப்போடுகிற கொடிக்கம்பத்துக்கும் தண்ணீர்த்தொட்டித் தூணுக்கும் நடுவில் கட்டி ஏறிப் படுத்தான். லிஃப்ட்டுக் கயிற்றுக்குச் சான்றிதழ் கொடுக்கிறவர் கொடிக்கம்பத்தைச் சோதிக்க மறந்துவிட்டார். துரை தரையில் கிடந்தார், என் ஈரத்துணி எல்லாம் அவர் மேல் கிடந்தது. நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகளோடு போனில் முகம் பார்த்துப் பேசுவான். சர்க்கரை டப்பாவில் போனைச் சாய்த்துவைத்துக்கொண்டு வெளிப்போர்வையின் மகிமையை விளக்குவான். அந்தப் பெண் “ம்ம்” என்பாள். அவள் படிப்பு, சிநேகிதிகள், அம்மாவின் புது வீடு எதைப் பற்றியும் இவனிடமிருந்து ஒரு கேள்வி கிடையாது. போன் திரையில் முகம் மட்டும்தான் தெரியும். ஒரு வருடம் எட்டு மாதமாக இவன் தன் பெண்ணின் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறான்.

நான் முழுசாகப் பார்த்தேன். நான் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பறையில் இருக்கிறேன். புது கம்ப்யூட்டர் முறை பழக, தாயும் மகளும் இருக்கிற ஊருக்கு இரண்டு நாள் அனுப்பினார்கள். பெண் என்னைப் பார்க்க வந்தாள். அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. நெடுநெடுவென்று என்னைத் தாண்டி வளர்ந்திருந்தாள், கைகால் எல்லாம் புதுசாக நீண்டு, எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள். திரும்பி வந்து தம்பியிடம், பொண்ணு நல்லா வளர்ந்துட்டாடா என்றேன். எல்லார் பிள்ளையைப் பற்றியும் எல்லாரும் சொல்லுகிற வார்த்தைதான். அவன் ஒரு கயிற்றை நிறுத்துக்கொண்டே தலையாட்டினான்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மகளுக்கான தூளி வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சின்னப் பொட்டலம். அன்று நான் மேஜையைத் துடைக்கப் போனேன். நோட்டு திறந்து கிடந்தது. அழகாக ஒரு படம் வரைந்திருந்தான். தூளி, அதற்குள் கோணலாகப் படுத்திருக்கிற ஒரு சின்ன உருவம், பக்கத்தில் அம்புக்குறி போட்டு நூற்று நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். அவன் வீட்டை விட்டு வந்த மாதம் அளந்த உயரம். அவள் பையை அவளே தூக்கப்போகிறாள், அதனால் சிறுவர்களுக்கான தூளி எடுத்தால் நூற்றிருபது கிராம் மிச்சம் என்று கீழே எழுதியிருந்தது. தூளியின் இரண்டு முனைகளையும் சேர்த்துப் பிடித்து மேலே ஓடுகிற கயிற்றை அந்த அளவுக்கே வெட்டி, முனையைக் கயிற்றுக்குள்ளேயே நுழைத்து முடித்துவிட்டான். இனி அவிழ்த்து நீட்ட முடியாது.

எனக்குச் சுரீர் என்றது. டேய், அந்தப் பொண்ணு இப்போ என்னைவிட உயரம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவன் தலை நிமிராமல் சொன்னான்.

“அக்கா, உன் தராசு சரியில்ல. ரெண்டு கிராம் கூடக் காட்டுது. இத வச்சுக்கிட்டு எப்படித்தான் சமைக்கிறியோ.”

திறந்த வாயை மூடிக்கொண்டேன். நான்கு மாதமாக நின்றுகொண்டே சாப்பிட்டவள் நான். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும், அப்போதாவது புத்தி வரட்டும் என்று நினைத்தேன். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்துவிட்டு உள்ளே போனேன். லீவுக்கு அப்போது இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் தினம் அவன் முகத்தில் விழித்தேன், தினமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அவள் வருகிற நாளன்று பஸ் நிலையத்துக்கு அவனே போயிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக என் வீட்டுக்காரரை அனுப்பிவிட்டு, அவள் வந்ததும் பார்க்கட்டும் என்று பின்புறத்து வேலித்தூண்கள் இரண்டுக்கு நடுவில் சின்னத் தூளியைக் கட்டினான். இந்தத் தடவை தூண்களைச் சோதித்துவிட்டுத்தான் கட்டினான். குந்தி உட்கார்ந்து பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது அப்பா என்று குரல் கேட்டது. எழுந்து திரும்பினான். அவன் கண் முதலில் அவள் கழுத்தில் போய் விழுந்தது, அப்புறம்தான் மேலே ஏறி முகத்துக்கு வந்தது. கையில் இருந்த பட்டை நழுவியது. நான் இதற்காகத்தான் காத்திருந்தேன். பார்த்ததும் ஒரு சந்தோஷமும் வரவில்லை.

“இது எனக்காப்பா?” என்று கேட்டுவிட்டு, அவன் வேண்டாம் என்று சொல்வதற்குள் செருப்பைக் கழற்றி ஏறிப் படுத்துவிட்டாள். குதிகால் இரண்டும் வெளியே நின்றன. தலை மறுபக்கம் கயிறு சேர்கிற இடத்தில் முட்டியது. தூளியோடு சேர்த்துத் தைத்திருந்த கொசுவலையின் ஜிப்பை இழுத்தாள், முழங்காலோடு நின்றுவிட்டது. இப்படியும் அப்படியும் புரண்டு பார்த்தாள். முதலில் சிரித்துக்கொண்டுதான் புரண்டாள். அப்புறம் அசையாமல் மேலே ஓடிய கயிற்றையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள்.

“அப்பா, இது யாருக்கு வாங்கினது?”

வாங்கினது அவளுக்குத்தான், ஆனால் அந்த அவள் இப்போது இல்லை. அது அவனுக்கும் புரிந்திருந்தது, பெண்ணுக்கும் புரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் அவள் பையைக் கையில் பிடித்தபடியே நின்றார். பெண் மெல்ல எழுந்து உட்கார்ந்தாள், காலைத் தரையில் ஊன்றினாள். அவள் முகத்தில் அடுத்த லீவு முடிவாகிக்கொண்டிருந்தது. சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

“அத்தை, நீங்கதான் என்னைப் பாத்தீங்களே. இவர்கிட்ட சொல்லலையா?”

ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வாய்க்கு வாய் பதில் கொடுக்கிறவள், ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன். அப்போது என் தம்பி பேசினான்.

“அத்தை சொன்னாங்கம்மா. நான்தான் காதுல வாங்கல.”

அரை கிராமை முழுசாக்கி எழுதாத ஆள். பெண்ணை இழக்கப்போகிற நேரத்தில், தப்பித்துக்கொள்ள ஒரு வழி கையில் இருக்கும்போது, எனக்காக முழுப் பொய் சொன்னான். நான் சொன்னது எல்லாரும் சொல்லுகிற அந்த ஒரு வார்த்தைதான். நான்கு மாதமாக அவனை எந்தெந்த வார்த்தையால் நினைத்தேனோ அத்தனையும் திரும்பி வந்து என் மேல் விழுந்தது. வெட்கமாக இருந்தது. அப்போதும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லவில்லை என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

அவன் உள்ளே போய்த் தன்னுடைய பெரிய தூளியை, நான்கு மாதம் நிறுத்து நிறுத்துச் சேர்த்த அத்தனை சாமானோடும் கொண்டுவந்து அவள் பையில் வைத்தான். நீங்க எதுல படுப்பீங்க என்று கேட்டாள். தரையில் என்றான். தரையில் படுக்கிறவர்களை மனிதர்களாகவே மதிக்காதவன் அவன். உடற்பயிற்சிக்கென்று நான்கு வருடத்துக்கு முன்னால் வாங்கி ஒரு நாளும் விரிக்காத என்னுடைய ஊதா பாயை எடுத்துவந்து நீட்டினேன். இரண்டு கிலோ இருக்கும். நிறுக்காமல் வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

பிறகு நோட்டை எடுத்தான். நூற்று நாற்பத்து நான்கை அடித்துவிட்டுப் பென்சிலோடு நின்றான். “இப்போ எவ்வளவும்மா?” என்று கேட்டான்.

“எனக்கு எப்படித் தெரியும்? நீங்கதான் அளக்கணும்” என்றாள் அவள். குரலில் கோபம் இன்னும் இருந்தது, ஆனாலும் வேலித்தூணில் முதுகை ஒட்டி நிமிர்ந்து நின்றாள். அளவுநாடா அவன் சட்டைப்பையில் இல்லாமல் எங்கே போகும்? அளந்தான். இரண்டாம் தடவையும் அளந்தான். நூற்று ஐம்பத்தெட்டு என்று எழுதினான். அவள் குனிந்து நாடாவைப் பார்த்தாள்.

“ஐம்பத்தெட்டரைப்பா. ஒழுங்கா எழுதுங்க.”

எழுதினான். சாப்பிட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். அவள் முன்னால் போனாள், இவன் ஊதா பாயோடு பின்னால் போனான். வாசல் கேட்டைத் தாண்டியவன் திரும்பி வந்தான். ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்கப்போகிறான், நாலு வார்த்தை கேட்டால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

“அக்கா, அந்தத் தராசு பரவாயில்ல. சமையலுக்குப் போதும்” என்று சொல்லிவிட்டுப் போனான்.