பனியில் மேய்ந்த மசால்

செங்கமலத்துக்கு இளகிய மனசு. அந்த மனசே ஒருநாள் அவளுடைய மந்தையைக் கொல்லப் பார்த்தது.

நெய்வேலி டவுன்ஷிப்புக்கு வெளியே, சுரங்கத்தில் இறைத்துவிடும் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரம் அவளுக்குக் கொஞ்சம் குத்தகை நிலம். புருஷன் போன பிறகு, குவார்ட்டர்ஸ் வீடுகளில் பாத்திரம் தேய்த்துச் செம்மறி ஆடுகள் வாங்கினாள். அவற்றுக்காகக் குதிரைமசால் விதைத்தாள். அறுக்க அறுக்கத் தழைக்கிற தீவனம் அது. ஆனால் வெறும் வயிற்றில் ஈரத்தோடு மேய்ந்தால் ஆட்டுக்கு வயிறு உப்பி மூச்சு முட்டிவிடும். அதனால் முதலில் காய்ந்த வைக்கோல், பனி காய்ந்த பிறகே மசால், அதுவும் கொஞ்ச நேரம். இதில் அவள் படு கறார்.

அந்தத் தைப்பூசத்துக்கு வடலூர் போனவள், ஜோதி பார்த்து, அங்கே போட்ட சாப்பாட்டை வயிறாரச் சாப்பிட்டு, மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பினாள். பட்டியில் அடைந்து கிடந்த ஆடுகள் கத்திய கத்தலில் அவளுக்கு நெஞ்சு ஆறவில்லை. பசித்த உயிருக்கெல்லாம் சோறு போடும் இடத்துக்குப் போய், தான் மட்டும் தின்றுவிட்டு வந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். வைக்கோல் உருவப் பொறுமை ஏது?

"தின்னுங்கடி, என் கண்ணுங்களா" என்று படலைத் திறந்துவிட்டாள். மசாலில் பனி சொட்டிக்கொண்டிருந்தது.

முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தால், சினையாக இருந்த ஆடு இடப்பக்கம் பானையாக உப்பிக் கீழே கிடந்தது. இன்னும் சில ஆடுகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

எதிர்வீட்டு அமிர்தநாதன் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன் பைக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தான்.

"இன்னாக்கா, இன்னா ஆச்சி?"

"பனியில வுட்டுட்டேன் தம்பி! எல்லாத்தையும் நானே கொன்னுட்டேன்!"

அவன் ஆடுகளை மசாலை விட்டு வெளியே விரட்டிவிட்டுக் கால்நடை டாக்டருக்குப் போன் போட்டான். அவர் உடனே கிளம்பி வருவதாகவும், அதற்குள் சமையல் எண்ணெயை மெல்ல மெல்லப் புகட்டும்படியும் சொன்னார். அமிர்தநாதன் தன் வீட்டுக் கடலையெண்ணெய் டின்னையே தூக்கிக்கொண்டு வந்தான்.

"தலைய ரொம்ப தூக்காதக்கா, பொற ஏறிடும். நான் ஊத்துறேன், நீ வயித்தத் தேச்சிகினே இரு."

சினையாட்டின் முன்னங்கால்களை மேட்டில் ஏற்றி நிறுத்தி, இருவரும் தேய்த்தார்கள், தேய்த்தார்கள். கடைசியில் அது அவன் முகத்துக்கு நேராக ஒரு ஏப்பம் விட்டது. அழுகல் புல் நாற்றம். அவன் முகத்தைச் சுளித்தான். செங்கமலம் அழுதுகொண்டே சிரித்தாள்.

டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். ஒரு ஆடும் சாகவில்லை. மத்தியானம் வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

"நீ போய்ப் படுப்பா. மறுபடி நைட்டு போவணும்ல."

"நீ போயி சோறாக்குக்கா. நான் ஒக்காந்துகினு இருக்கேன்."

சோற்றோடு அவள் திரும்பியபோது, வரப்பில் உட்கார்ந்தபடியே அவன் தூங்கிப்போயிருந்தான். பக்கத்தில் சினையாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்வானா என்று நினைத்துக்கொண்டாள். எழுப்ப மனம் வரவில்லை. வெயில் அவன் முகத்தில் விழுந்தது. செங்கமலம் சோற்றுத் தூக்கோடு குறுக்கே போய் நின்றாள். வெயில் நகர நகர, அவளும் நகர்ந்து நின்றாள்.