இன்னும் முந்நூறு கிராம்

நோன்பு மாதத்தில் பொய் சொல்லும் துணிச்சல் எனக்குக் கிடையாது. மற்ற மாதங்களில் சொல்லியிருக்கிறேன். குத்துச்சண்டை மாஸ்டராக இருப்பவன் பொய்யே பேசாமல் காலம் தள்ள முடியாது. 'நீதான்டா அடுத்த சாம்பியன்' என்று எத்தனை பையன்களிடம் சொல்லியிருப்பேன்! ஆனால் இது நடந்தது. கசபிளாங்காவில், மீன் சந்தைக்குப் பின்னால் ஊரார் வெந்நீரிலும் ஆவியிலும் குளிக்கும் பழைய ஹமாமில். கண்ணால் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். காதால் கேட்டேன். தோளில் உணர்ந்தேன்.

சுஹைருக்கு அப்போது பதினெட்டு வயது. அவனிடம் மட்டும் அந்த வார்த்தையை நான் பொய்யாகச் சொல்லவில்லை. அவன் இடது கை எப்போது போனது, எப்போது திரும்பியது என்று அடி வாங்கியவனுக்கே தெரியாது. அவன் மேடை ஏறினால் காப்பிக் கடையில் சீட்டாடும் கிழவர்கள்கூட ஆட்டத்தைப் பாதியில் போட்டுவிட்டு வருவார்கள். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்களே, ஊருக்கே தெரிந்த முளை அது.

நோன்பு மாதத்து இரவுகளில் எங்கள் ஊரில் போட்டி நடக்கும். இது நடந்த அன்று ஜெயிப்பவனுக்குத் தேசிய அணியின் முகாமில் இடம். எட்டரை மணிக்கு எடை பார்ப்பார்கள். ஐம்பத்தேழு கிலோவுக்கு மேல் முள் நகர்ந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்கள் மாஸ்டர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பாதி எடையை நோன்பே இறக்கிவிடும், மீதியை ஹமாம் பார்த்துக்கொள்ளும். விடியலிலிருந்து சொட்டுத் தண்ணீர் படாத உடம்பு, வெந்நீர்க் கூடத்தில் வைத்தால் வெண்ணெயாய் உருகும் என்பார்கள். பள்ளிவாசலில் மாலைத் தொழுகைக்குப் பாங்கு சொன்னதும் ஊரே வாய் நனைக்கும். எங்கள் பையன் மட்டும் தராசில் ஏறி இறங்கும்வரை காத்திருப்பான். எனக்கு என் மாஸ்டர் செய்ததையே நானும் செய்தேன்.

நோன்பில் ஹமாம் பகலெல்லாம் பூட்டிக் கிடக்கும். இரவுக் கூட்டத்துக்காகச் சாயங்காலமே அடுப்பு மூட்டிவிடுவார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் பூஷ்தா என் பழைய சிநேகிதன். சாவியை என் கையில் திணித்தான்.

"லஹ்சன் அண்ணே, பையனை ரொம்ப வேகவெச்சுடாதீங்க. வீட்ல சூப்பு இருக்கு, எனக்குக் கறி வேணாம்."

சுஹைர் சிரித்தான். "என்கிட்ட கறி எங்கண்ணே இருக்கு? எலும்பு சூப்புதான் தேறும்."

பூஷ்தா நோன்பு திறக்க வீட்டுக்குப் போனான். நான் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டேன். இழுத்தும் பார்த்தேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹமாமில் மூன்று கூடம், ஒன்றுக்குள் ஒன்று. கடைசிதான் கொதிக்கும் கூடம். சுஹைருக்குக் கறுப்புக் குப்பைப் பையில் ஓட்டை போட்டு மாட்டி, மேலே கம்பளிச் சட்டை போட்டுவிட்டேன். அவன் கல் மேடையில் குப்புறப் படுத்தான். நான் கொண்டுபோயிருந்த தராசில் அரைமணிக்கு ஒருமுறை ஏற்றினேன். முள் இறங்கியது. பிறகு நின்றுவிட்டது.

இன்னும் முந்நூறு கிராம்.

"மாஸ்டர்... நாக்கு ஒட்டிக்குது."

"ஒட்டட்டும். பேசாம கெட."

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

ஸ்ஸ்... ஸ்ஸ்... ஸ்ஸ்ஸ்.

குத்து விடும்போது குத்துச்சண்டைக்காரன் மூக்கால் விடும் மூச்சு. இந்தத் தொழிலில் இருப்பவனுக்கு அது தன் பெயரைக் கூப்பிடுவது மாதிரி. நடுக் கூடத்திலிருந்து வந்தது. குழாயில் ஆவி கசிகிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆவி இரண்டு குத்துக்கு நடுவே இடைவெளி விடுமா?

பிறகு ஒரு வாளி தரையில் இழுபட்டது. கர்ர்ர்ர்...

பூஷ்தா திரும்பி வந்துவிட்டான் என்று முடிவு செய்தேன். தாழ்ப்பாள் போட்ட நினைவே வரவில்லை. என் நினைவெல்லாம் முந்நூறு கிராமில் இருந்தது.

சட்டைக்குள் கைவிட்டு சுஹைரின் முதுகைத் தொட்டேன். சுவரெல்லாம் நீர் வழிகிறது. என் முகத்தில் வழிகிறது. அவன் முதுகு மட்டும் காய்ந்திருந்தது. வேர்வை நின்றுவிட்டது. வேர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். உடனே வெளியே தூக்கிப்போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். தெரியும். நன்றாகவே தெரியும்.

தெரிந்தும் உட்கார்ந்திருந்தேன்.

பின்னால் ஒரு குரல். கரகரப்பான குரல்.

"அவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுங்க."

நான் திரும்பவில்லை.

"உன் வேலையப் பாரு. இன்னும் முந்நூறு கிராம்தான்."

"அல்லாவுக்காகக் குடுங்க... உங்க கால்ல விழறேன்."

"போடாங்கறேன்ல!"

என் தோளில் ஒரு கை விழுந்தது.

காய்ந்த கை.

அந்த ஆவியில்... துளி ஈரமில்லாத கை.

திரும்பினேன்.

யாரும் இல்லை.

நடுக் கூடம்... இல்லை.

வெளிக் கூடம்... இல்லை.

தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது.

தெருவில் பாங்கு கேட்டது. ஆறு ஐம்பது. பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, பாட்டில் தண்ணீரைக் குடித்தேன். உள்ளிருந்து எழுந்து வந்து, கதவருகே சுவரைப் பிடித்துக்கொண்டு சுஹைர் நின்றான். தண்ணீர் கேட்கவில்லை. பாட்டிலை மட்டும் பார்த்தான். "உனக்கு எட்டரைக்கு" என்றேன். உள்ளே கூட்டிக்கொண்டு போய் மறுபடி படுக்க வைத்தேன்.

அந்தக் கைக்குப் பயந்ததைவிட அதிகமாக, இந்த இடத்தை நினைத்துத்தான் இன்றும் எனக்கு உடம்பு கூசுகிறது.

பூஷ்தா வந்ததும் கேட்டேன். "யாரை உள்ள விட்டே?"

"இருக்கறதே ஒரு சாவி. அதுவும் உங்க மடியில. நோன்பு தலைக்கு ஏறிடுச்சாண்ணே?"

எட்டரைக்குத் தராசு ஐம்பத்தேழில் நின்றது. இரவு அவன் ஜெயித்தான். ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது. விடிகாலையில் அவனுக்குச் சிறுநீர் காப்பி நிறத்தில் போனது.

முகாமிலிருந்து ஒரே மாதத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது ரவுண்டுக்குக் கால் நிற்கவில்லை. சிறுநீரகம் இரண்டும் பாழ் என்றார் டாக்டர். ஊர் டாக்டரையா கேட்கும்? தலைக்கனம் என்றது. புகழ் வந்ததும் சோம்பேறி ஆகிவிட்டான் என்றது. காப்பிக் கடையில் அதைக் கேட்டு நானும் தலையாட்டினேன். 'பையனுக்கு ஒழுக்கம் பத்தல' என்றுகூட ஒருநாள் சொன்னேன். முளையைப் பார்த்தவர்கள் ஆயிரம் பேர். அதன்மேல் வெந்நீரை ஊற்றியவன் நான் ஒருவன்தான்.

ஐந்து வருடம் ஆகிவிட்டது. சுஹைர் இப்போது துறைமுகத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் நத்தை சூப் விற்கிறான். அவனைக் கண்டால் நான் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவேன். போன நோன்பில், பாங்குக்குக் கொஞ்சம் முன்னால், பிடித்துவிட்டான்.

"மாஸ்டர்! எங்க ஓடறீங்க? என் சூப்பு அவ்வளவு மோசமா?"

குரல் கட்டை தட்டிக் கரகரத்துப் போயிருந்தது. உட்கார வைத்தான். பழைய சண்டைகளைப் பேசினான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நேத்து இந்நேரத்துக்கு வண்டியில சாஞ்சு தூங்கிட்டேன் மாஸ்டர். ஒரு கனவு. வாழ்க்கையில அப்படி ஒன்னு வந்ததே இல்ல. ஏதோ ஹமாம். நான் சும்மா காத்துல குத்திட்டு நிக்கறேன். உள்ள ஒரு பையன் குப்புறக் கெடக்கான், செத்த மாதிரி. பக்கத்துல ஒரு ஆளு, எனக்கு முதுகு காட்டி. தண்ணி குடுங்கன்னு கெஞ்சறேன். 'உன் வேலையப் பாரு, இன்னும் முந்நூறு கிராம்தான்'ங்கறான். தோள்ல கை வெச்சேன். திரும்பினான். மூஞ்சி தெரியறதுக்குள்ள முழிச்சுட்டேன்."



அன்று உள்ளே பேசிய வார்த்தைகள் எதுவும் சுஹைருக்கு நினைவில்லை. மறுநாளே கேட்டுப் பார்த்திருக்கிறேன். படுத்த பிறகு நடந்தது எதுவுமே தெரியாது என்றான். நானும் இந்தக் கதையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"அந்தப் பையன்தான் மனசுல நிக்கறான் மாஸ்டர். யாருன்னு தெரியல. பொழைச்சிருப்பானா?"

பாங்கு ஒலித்தது. சுஹைர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, தான் குடிக்காமல், முதலில் எனக்கு நீட்டினான்.