நிகானுக்கு ஓடக்கூலி

இன்று சந்தையில் என்னைவிடச் சத்தமாக விலை கூவுகிறாளே மெலித்தா, அவள் வந்த புதிதில் ஆறு மாதம் தெருவில் முகத்தையே காட்டவில்லை. சாமோஸ் தீவுக்காரி. யவனப் படையில் இருந்த அவள் புருஷன் நிகானுக்கு இங்கே எகிப்தில், எங்கள் ஊரில், நிலம் கொடுத்தார்கள். அவனோடு வந்து அடுத்த வீட்டில் குடியேறினாள். சந்தைக்கு நிகான் போவான், அவள் உள்ளே தறியில் இருப்பாள். எங்கள் வீட்டில் நான் வெங்காயம் விற்கப் போவேன், தறியில் என் வீட்டுக்காரர். இதைச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து அவள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

"ஏன்க்கா, உங்க வீட்ல யாரு ஆம்பள?"

"நீ மட்டும் என்னடி, உள்ளயே கெடக்க? அடைகாக்குற வாத்தா?"

நான் காலால் மாவு மிதிப்பதைப் பார்த்து முதலில் என் ரொட்டியைத் தொடவில்லை. பிறகு கேட்டு வாங்கித் தின்றாள். அப்படித்தான் பழகினோம்.

ஒரு வெள்ளக்காலத்தில் கன்றைப் பிடிக்கப் போன நிகானை நைல் கொண்டுபோனது. நாணலில் சிக்கிய உடலைக் கோயிலுக்கு எடுத்துப் போனார்கள். ஆறு எடுத்துக்கொண்டவன் எந்த நாட்டானானாலும் சாமியின் பிள்ளை. கோயிலே பதப்படுத்தி, துணி சுற்றி, அடக்கம் செய்யும். பூசாரியைத் தவிரப் பெற்றவள்கூடத் தொடக்கூடாது. எங்களுக்கு அது அழுகையிலும் ஒரு பெருமை.

மெலித்தாவோ பானைக்குள் கைவிட்டு ஒரு காசைத் தேடி எடுத்தாள்.

"வாயில காசு வைக்கணும்க்கா. கூலி இல்லேன்னா, செத்தவங்கள அக்கரை சேக்குற ஓடக்காரன் ஏத்த மாட்டான். கரையிலயே கெடந்து அலைவாரு."

காசைக் கையில் இறுக்கிக்கொண்டு, முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல் தெருவில் ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். கோயில் வாசலில் பூசாரி ஒன்னோபர் குறுக்கே நின்றார்.

"தொடக்கூடாதும்மா. அவரு இப்ப ஆத்தோட ஆளு."

"அவருக்கு நீச்சலே தெரியாது சாமி. அக்கரைக்கு எப்படிப் போவாரு?"

அவர் உள்ளே போகத் திரும்பினார். நான் விடுவேனா?

"சாமி, நம்ம செத்தவங்களயும் ஓடக்காரன்தானே கூட்டிட்டுப் போறான்?"

"போறான். நம்மாளு காசு கேக்க மாட்டான். கேள்விதான் கேப்பான், பதில் சொன்னா ஏத்துவான்."

"நம்ம பாஷையில கேப்பான். நிகானுக்கு வெங்காயத்துக்கு நம்ம பேச்சுல என்ன பேருன்னே தெரியாது. அவங்க ஓடக்காரன்னா காசைப் பாத்ததும் ஏத்திடுவான். எந்த ஓடம் முதல்ல வருதோ அதுல ஏறட்டுமே."

"சந்தைப் பேச்சை இங்கயும் கொண்டாந்துட்ட தயேசி," என்றவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை நீட்டினார். "நீங்க தொடக்கூடாது. நான் தொடலாம். குடு."

மெலித்தாவுக்கு விரலைப் பிரிக்க வரவில்லை. நான்தான் பிரித்துக் கொடுத்தேன்.

உள்ளே போனவர் பாதியில் திரும்பி வந்தார். "அடக்கத்தன்னிக்கு, செத்தவரு அங்க பேசணும் சாப்பிடணும்னு நாங்க வாய் திறக்குற சடங்கு செய்வோம். காசு வெளிய விழுந்துட்டா?"

"நாக்குக்கு அடியில வைங்க சாமி," என்றாள் மெலித்தா.

"அதுவும் சரிதான்."

கொஞ்ச நேரத்தில் வந்து, வைத்துவிட்டதாகத் தலையசைத்தார். மெலித்தா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அதுவரை அவன் அக்கரை சேருவானா என்றே அழுதுகொண்டிருந்தவள், அப்புறம்தான் புருஷன் போனதற்காக அழுதாள். நான் தடுக்கவில்லை. அவள் அழுது ஓயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.