அண்ணனின் கட்டம்போட்ட சட்டை

அண்ணன் சாமியாராகப் போகிறான் என்று எனக்குத் தெரியும். குப்புறப் படுக்க வைப்பார்கள் என்று யாரும் சொல்லவில்லை.

அப்போது நான் ஐந்தாவது படித்தேன். காணையிலிருந்து விழுப்புரம் வந்து, திண்டிவனம் பஸ் ஏறி, கூட்டேரிப்பட்டு தாண்டி இறங்கினோம். அப்பா, அம்மா, நான். அப்பா கரும்பு வெட்டுகிறவர். அன்றைக்கு வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அம்மா தூக்கு நிறைய அவித்த மல்லாட்டைக் கடலை எடுத்து வந்தாள். அண்ணனோடு சேர்த்து மடத்தில் புதிதாகச் சேர்ந்த ஏழு பேருக்கு அன்று அங்கி கொடுத்தார்கள். அதற்கப்புறம் ஒரு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். வீட்டுக்கு வரக் கூடாது.

மடத்து மாதா கோயிலில் ஏழு பேரும் பீடத்துக்கு முன்னால் குப்புறப் படுத்தார்கள். அசையவே இல்லை. எங்கள் ஊர்க் கோயிலில் அந்த இடத்தில் சாவுப் பெட்டியைத்தான் வைப்பார்கள்.

"ஏந்திரிண்ணா!" என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள். அண்ணன் எழவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. சிரித்தானோ என்னவோ.

பிறகு உள்ளே போய் அங்கி மாட்டி வந்தார்கள். காப்பிக் கலர் அங்கி, இடுப்பில் கயிறு. ஏழு பேரில் அண்ணனைத் தேட வேண்டியிருந்தது.

பூசை முடிந்ததும் பெரிய சாமியார் அம்மாவிடம் ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே அண்ணன் காலையில் போட்டிருந்த கட்டம்போட்ட சட்டை, பேன்ட், செல்போன்.

"இனிமே இது அவருக்குத் தேவைப்படாதும்மா" என்றார். தன்மையாகத்தான் சொன்னார்.

அம்மா வாங்கவில்லை. மாமா லாரியில் அடிபட்டுச் செத்தபோது ஆஸ்பத்திரியில் இப்படித்தான் பையில் போட்டுக் கொடுத்தார்கள். அம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"உசுரோட இருக்கிறவன் துணிய எவனா மூட்ட கட்டிக் குடுப்பானா? அத்த ஏரில வீசிட்டு வாய்யா. எனக்குப் புள்ளையே இல்ல. இனிமே இங்க காலு வைக்க மாட்டேன்."

அண்ணன் எங்களுக்குச் சோற்றுத் தட்டு எடுத்து வந்தவன், அப்படியே நின்றான்.

அப்பா பையை வாங்கினார். தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்தார். அத்தனை பேருக்கு நடுவில் அண்ணன் சட்டையை எடுத்து மாட்டினார். தோளில் இறுக்கியது. பொத்தான் எட்டவில்லை. யாரோ சிரித்தார்கள். எனக்கு மானம் போனது.

அம்மா நிமிர்ந்தாள். "இன்னாய்யா பண்ற? கழட்டு! தையல் உடுது பாரு. அவன் வந்தா போட்டுக்க வாணாமா?"

"எப்ப வருவான்?" என்றார் அப்பா.

"ஒரு வருஷங் கழிச்சு வருவான் இல்ல..."

சொன்னவள் நிறுத்திக்கொண்டாள். அண்ணனைப் பார்த்தாள்.

"தட்டக் குடுடா. எம்மா நேரம் புடிச்சிக்கினு நிப்ப?"

அப்பா சட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அம்மா வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

செத்தவன் துணியை எங்கள் பக்கத்தில் யாரும் உடுத்த மாட்டார்கள். அது அப்போது எனக்குத் தெரியாது. அப்பாவுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். திரும்பும்போது பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காரவில்லை.