அருள்ராஜ் போனை அணைச்சுட்டு ஜெபிக்கப் போன வாரம்

அன்னைக்கு வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள பணம் கட்டலைன்னா ஜெனியோட இன்ஜினியரிங் சீட் வேற யாருக்கோ போயிடும்னு தெரிஞ்சதும் எனக்கு ஜெபம் வரல. வயித்தைக் கலக்குச்சு. சாட்சி சொல்றவங்க நிறைய பேர், கஷ்டம் வந்தது, உடனே முழங்கால் போட்டேன்னு சொல்லக் கேட்டிருக்கேன். நான் பாத்ரூமுக்குத்தான் ஓடினேன். உள்ளது உள்ளபடி சொல்லிடறேன், அப்புறம் உங்க இஷ்டம்.

என் பேரு ஸ்டெல்லா. பிரேசர் டவுன்ல குடியிருக்கேன். ஒரு காலேஜ்ல அட்மிஷன் கவுண்டர்ல இருந்து ரிடையர் ஆனவ. சும்மா இருந்தா எனக்குத் தலைவலி வரும். அதனால சனிக்கிழமை மத்தியானம் எங்க சபை ஹால்ல பத்தாவது, அதுக்கு மேல பிளஸ் டூ மாதிரி பியுசி படிக்கிற பிள்ளைங்களை உட்காரவெச்சுப் பேசுவேன். எந்தக் கோர்ஸுக்கு என்ன மார்க் வேணும், வருமானச் சான்றிதழ் எங்க வாங்கணும், ஸ்காலர்ஷிப்புக்கு எப்ப எழுதிப் போடணும், லோன் கேக்கப் போனா பேங்க் மேனேஜர் முன்னாடி எப்படிப் பேசணும், எல்லாம் சொல்லித் தருவேன். கொஞ்சம் சத்தம் போட்டுத்தான் சொல்லித் தருவேன். பிள்ளைங்க எனக்கு வெச்சிருக்கிற பட்டப்பேரு எனக்குத் தெரியும், இங்க சொல்லமாட்டேன்.

ஜெனி பத்தாவதுல இருந்தே என்கிட்ட வர்ற பொண்ணு. வீடு ஒக்கலிபுரத்துல. அப்பா அருள்ராஜ் ஆட்டோ ஓட்டுறார். அம்மா இல்ல. ஜெனி ஏழாவது படிக்கும்போதே காய்ச்சல்ல போயிட்டாங்க. அப்பாவும் பொண்ணும் மட்டும்தான். எலக்ட்ரானிக்ஸ் படிக்கணும்னு அவளுக்கு ஒரே பிடிவாதம். ரெண்டு வருஷம் நானும் அவளும் சேர்ந்து கணக்குப் போட்டு, எந்தக் காலேஜ் மேல எழுதணும், எதைக் கீழ எழுதணும்னு வரிசை பண்ணினோம். கவுன்சிலிங்ல முதல் ரெண்டு ரவுண்டுலயும் ஒண்ணும் வரல. கடைசி ரவுண்டுல வந்தது. நல்ல காலேஜ், பஸ்ல போய் வர்ற தூரம், அரசாங்க ஃபீஸ். அருள்ராஜ் சேர்த்தது பாதி, சபை உதவி பாதின்னு பணமும் அவர் அக்கவுண்டுல தயாரா இருந்தது.

அப்போ என்ன பயம்னு கேப்பீங்க. சீட் வந்தா மட்டும் போதாது. ரெண்டு நாளைக்குள்ள வெப்சைட்ல உள்ள போய், இந்த சீட் எனக்கு வேணும்னு ஒத்துக்கிட்டு, பணம் கட்டி ரசீது எடுக்கணும். உள்ள போகணும்னா பதிவு பண்ணின நம்பருக்கு ஓடிபி வரும். அது அருள்ராஜ் நம்பர். பணமும் அவர் போன்லதான். அந்த மனுஷன் போனை அணைக்கவே மாட்டார். சவாரி வருமேன்னு குளிக்கும்போது கூட ஜன்னல் மேல வெச்சிருப்பாருன்னு ஜெனி சிரிப்பா.

ஆனா அவர் ஒரு பொருத்தனை பண்ணியிருந்தார். பாப்பாவுக்கு சீட் கிடைச்சா, வேற எந்த வேலையும் தொடுறதுக்கு முன்னாடி மூணு நாள் உபவாசமிருந்து நன்றி சொல்றேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லியிருந்தார். நம்ம ஆளுங்களைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா? முதல்ல நன்றி, அப்புறம்தான் மத்தது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்தது, காலையில பணம் கட்டிக்கலாம்னு ஜெனி இருந்துட்டா. லிஸ்ட்ல பேர் வந்துட்டா சீட் கிடைச்சாச்சுன்னு அவர் நினைச்சுக்கிட்டார். புதன்கிழமை விடியக்காலையில, ஜெனி எழுந்திருக்கிறதுக்குள்ள, பையை எடுத்துக்கிட்டு ஒரு ஜெபத்தோட்டத்துக்குக் கிளம்பிட்டார். அங்க உள்ள போறவங்க போனை அணைச்சு வாசல்லயே கொடுத்துடணும். அது அங்க சட்டம்.

புதன்கிழமை முழுக்க ஜெனி போன் அடிச்சுக்கிட்டே இருந்திருக்கா. சாயங்காலம் ஆன் பண்ணுவாருன்னு ஒரு நம்பிக்கை. என்கிட்ட வந்தா திட்டுவேன்னு பயம் வேற. வியாழக்கிழமை காலையில அழுதுக்கிட்டே என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. திட்டாம உடனே போனை எடுத்தேன்.

ஹெல்ப்லைனுக்கு அடிச்சேன். ரொம்ப நேரம் கழிச்சு ஒரு பொண்ணு எடுத்தா. பதிவு பண்ணின நம்பருக்குத்தான் ஓடிபி போகும் மேடம், மாத்தணும்னாலும் அந்த நம்பர் வேணும்னு மரியாதையாத்தான் சொன்னா. போனை வெச்சதும் எனக்குப் பயம் பிடிச்சுக்கிச்சு. காரணம் இருக்கு. சில வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான் இன்னொரு பொண்ணு. வீட்டுல யாரோ பணத்தைக் கட்டிட்டாங்கன்னு ஆளாளுக்கு நினைச்சுக்கிட்டு, கெடு தாண்டிடுச்சு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்னு சொன்னாங்க. அந்த அடுத்த வருஷம் வரவே இல்ல, அதுக்குள்ள அவளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருந்தது. இது கடைசி ரவுண்டு. இந்த சீட்டும் போச்சுன்னா மேனேஜ்மென்ட் சீட் வாங்க அருள்ராஜ் ஆட்டோவை மட்டும் இல்ல, தன்னையே வித்தாலும் ஆகாது.

எந்த ஜெபத்தோட்டம்னு ஜெனிக்குத் தெரியல. கோலார் ரோடு பக்கம்னு மட்டும் சொன்னா. அந்தப் பக்கம் இருக்கிறது ஒண்ணா ரெண்டா? ரெண்டு பேரும் ஒக்கலிபுரம் ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினோம். அங்க அருள்ராஜோட சிநேகிதர் நயாஸ் பாய் இருந்தார். போன வருஷம் ஒருதடவை அவரை அங்க கொண்டுபோய் விட்டது தான்தான்னு சொன்னார்.

"ஹொசகோட்டே தாண்டிப் போகணும் சிஸ்டர். நம்ம ஆட்டோவுக்கு அவ்ளோ தூரம் பர்மிட் கிடையாது, அன்னைக்கும் திருட்டுத்தனமாத்தான் போனேன்."

"அப்போ என்ன பண்றது பாய்?"

"பிடிச்சா பார்த்துக்கலாம். டென்ஷன் நக்கோ. ஏறுங்க."

டென்ஷன் வேணாம்னு சொல்லிட்டா போயிடுமா? கே.ஆர்.புரம் பாலத்துக்கிட்ட வண்டி நின்னது நின்னதுதான். முன்னாடி லாரி, பக்கத்துல பஸ், ஹாரன் சத்தத்துல காது அடைச்சுப் போச்சு. ஜெனி என் கையைப் பிடிச்சுக்கிட்டா. நான் ஜெபிக்கப் பார்த்தேன். ஆண்டவரேன்னு ஆரம்பிப்பேன், உடனே மணியைப் பார்ப்பேன். மறுபடி ஆண்டவரேன்னு ஆரம்பிப்பேன், போலீஸ்காரர் கண்ணுல படுவார், பர்மிட் ஞாபகம் வந்துடும். எங்க சபையில ஒரு சகோதரி அடிக்கடி சொல்வாங்க, பயம் இருக்கிற இடத்துல விசுவாசம் இருக்காதுன்னு. அந்தப் பேச்சு அப்போ வந்து என் நெஞ்சுல உட்கார்ந்துக்கிச்சு. நான் இப்படிப் பயந்து சாகுறதாலேயே இந்தப் பொண்ணுக்குக் கிடைக்கவேண்டியது கிடைக்காமப் போயிடுமோன்னு அதுக்கும் சேர்த்துப் பயந்தேன்.

போய்ச் சேரும்போது மத்தியானம் சாய்ஞ்சிருந்தது. பெரிய இரும்பு கேட். உள்ள யூகலிப்டஸ் மரமா இருந்தது, ஒரு ஆளைக் காணோம். கேட்டுல இருந்த கன்னடக்காரப் பெரியவர் நான் சொன்னதை எல்லாம் பொறுமையாக் கேட்டார். கேட்டுட்டு, "ஆகல்லம்மா", முடியாதும்மா அப்படின்னார். உபவாசத்துல இருக்கிறவங்களை சாயங்கால மணி அடிக்கிற வரைக்கும் யாரும் கூப்பிடக்கூடாதாம். வீட்டுல சாவு விழுந்தா மட்டும் போய்ச் சொல்வாங்களாம். சாயங்கால மணி ஆறரைக்கு.

சாவுன்னு சொல்லிடலாமான்னு எனக்குத் தோணுச்சு. நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. பக்கத்துல ஜெனி நிக்கிறா. ஒருநாள் பள்ளிக்கூடத்துல இருக்கும்போது அம்மா போன செய்தியைக் கேட்டு வீட்டுக்கு ஓடினவ அவ. அவ முன்னாடி அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரல.

கேட்டோட கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அப்போதான் ஜெபம் வந்தது. அதை ஜெபம்னு சொல்லலாமான்னு கூடத் தெரியல. "ஆண்டவரே, எனக்கு நம்பிக்கை இல்ல. பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு. அந்த மனுஷனை எழுப்பி வெளிய அனுப்பும்." இவ்வளவுதான். பெரியவர் பாவம், நான் விழுந்துடுவேனோன்னு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரல.

எவ்வளவு நேரம் நின்னேன்னு தெரியல. "ஆன்ட்டி"ன்னு ஜெனி என்னை உலுக்கினா. மரத்துக்கு நடுவுல ஒரு ஆள் பையைத் தோள்ல போட்டுக்கிட்டுத் தலையைக் குனிஞ்சு நடந்து வர்றார். அருள்ராஜ்.

எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போச்சு. பொண்ணுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சுட்டார். "பாப்பா, என்னாச்சும்மா"ன்னு ஓடி வந்தார். அவ அழுதா, நான்தான் விஷயத்தைச் சொன்னேன். உங்களை யாரு வெளிய வரச் சொன்னதுன்னும் கேட்டேன்.

"யாரும் சொல்லல சிஸ்டர். காலையிலேர்ந்து ஜெபிக்கவே முடியல. நன்றின்னு சொல்ல வாயைத் திறந்தா, பாப்பா தனியா இருக்குமே, பாப்பா தனியா இருக்குமேன்னு அதுவேதான் வருது. குழாயடியில உட்கார்ந்து பார்த்தேன், நடந்து பார்த்தேன். இப்போ திடீர்னு இருக்க முடியல, எழுந்து வந்துட்டேன்."

எந்த நிமிஷம் எழுந்தீங்கன்னு நான் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேட்டதில்ல. கேக்கவும் ஒரு மாதிரி பயமா இருக்கு.

பெரியவர் போனை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே சார்ஜ் தீர்ற நிலைமையாம், இப்போ சுத்தமா இல்ல. நயாஸ் பாய் ஆட்டோவுல சார்ஜர் இருந்தது. அதுல சொருகினோம், உயிர் வந்தது, டவர் வரல. மெயின் ரோடு வரைக்கும் போனை வெளிய நீட்டிப் பிடிச்சுக்கிட்டே போனோம். ஒரு இளநீர் வண்டிக்குப் பக்கத்துல ரெண்டு கோடு டவர் காட்டுச்சு. ஜெனி தன் போன்ல வெப்சைட்டைத் திறந்தா. முதல் ஓடிபி வந்து சேர்றதுக்குள்ள அதோட நேரம் முடிஞ்சுபோச்சு. ரெண்டாவது உள்ள விட்டது. ஒத்துக்கிறேன்னு அழுத்தினா, பணம் கட்டுற பக்கம் வந்தது. அருள்ராஜ் அவசரத்துல பின் நம்பரைத் தப்பா அடிச்சார். மறுபடி அடிச்சார். அக்கவுண்டுல இருந்து பணம் போயிடுச்சுன்னு மெசேஜ் வந்தது. ரசீது வரல.

நாலு வருஷமா அவர் பெட்ரோல் காசுல மிச்சம் பிடிச்ச பணமும் போச்சு, சீட்டும் போச்சான்னு நான் ரோட்டு ஓரத்துலயே உட்கார்ந்துட்டேன். மணி ஆறை நெருங்கிடுச்சு. நயாஸ் பாய் உதடு ஏதோ முணுமுணுத்துக்கிட்டிருந்தது, அவரும் வேண்டிக்கிட்டுத்தான் இருந்திருப்பார். ஜெனி வெப்சைட்டை விட்டு வெளிய வந்து மறுபடி உள்ள போனா. இன்னொரு ஓடிபி. அப்புறம் அவ போனை என் முன்னாடி நீட்டினா. ரசீதுல அவ பேரும் காலேஜ் பேரும் இருந்தது. நான் அதை மூணு நாலு தடவை படிச்சேன். கண்ணு மறைச்சுது, சேலைத் தலைப்பால துடைச்சுக்கிட்டு மறுபடி படிச்சேன்.

சந்தோஷப்படுவாருன்னு அருள்ராஜைத் திரும்பிப் பார்த்தா, அவர் ஆட்டோ மேல தலையைச் சாய்ச்சு விம்முறார்.

"பொருத்தனையை முறிச்சுட்டேனே சிஸ்டர். மூணு நாள்னு சொல்லிட்டு ரெண்டாம் நாளே எழுந்து வந்துட்டேன். அதுக்காக பாப்பாவுக்கு ஏதாவது வந்துடுமா?"

பைபிளைக் கரைச்சுக் குடிச்ச மாதிரி பேசறவதான் நான். அன்னைக்கு ஒரு வார்த்தை கிடைக்கல. ஏன்னா எனக்குள்ளயும் அந்தப் பயம் சின்ன வயசுல இருந்தே உண்டு. கொடுத்த வார்த்தை தவறினா பிள்ளைங்க மேல கை வைப்பாரோன்னு பயந்து பயந்துதான் நானும் ஆண்டவரைக் கும்பிட்டுக்கிட்டிருந்தேன்.

ஜெனி இளநீர் வண்டிக்குப் போனா. ஒண்ணை வெட்டச் சொல்லி வாங்கிட்டு வந்து அப்பா முன்னாடி நின்னா.

"குடிப்பா."

"உபவாசம்மா."

"நேத்து காலையில இருந்து சாப்பிடல நீ. அம்மா இருந்திருந்தா உன்னைப் பட்டினி போட்டு நன்றி வாங்கியிருக்குமா? அம்மாவை விட ஆண்டவர் மோசமாப்பா?"

அவர் முகத்தைத் துடைச்சுக்கிட்டார். அப்புறம் வாங்கிக் குடிச்சார். குடிக்கும்போதும் அழுதுக்கிட்டேதான் குடிச்சார். நயாஸ் பாய் முகத்தைத் திருப்பிக்கிட்டு ஆட்டோ கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சார். நான் அந்த இடத்துலயே, செருப்புக் காலோட, லாரி போற சத்தத்துல ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பயம் கலக்காம நன்றி சொன்னது எனக்கு அதுதான் முதல் தடவை.

சகோதர சகோதரிகளே, நான் மாறினது இவ்வளவுதான். முன்ன எல்லாம் மனசு அடங்கி, நம்பிக்கை வந்தப்புறம் ஜெபிக்கலாம்னு இருப்பேன். இப்போ பயம் வந்த உடனே, அந்த பயத்தோடவே கூப்பிட்டுடறேன். சனிக்கிழமை கூட்டத்துல பெத்தவங்ககிட்ட ரசீது கையில வந்தப்புறம் உபவாசம் போங்கன்னு சத்தமாவே சொல்றேன், சிலருக்குக் கோவம் வருது, வரட்டும். அருள்ராஜ் அப்புறம் ஒரு தடவை போய் மூணு நாளும் இருந்துட்டு வந்தார். பயந்துக்கிட்டுப் போகல, பாட்டுப் பாடிக்கிட்டே போனதா ஜெனி சொன்னா. போனை அவகிட்ட கொடுத்துட்டுப் போனாராம்.

உங்க வீட்டுலயும் பியுசி முடிச்ச பிள்ளை இருக்கலாம். லோன் வருமா, சீட் வருமா, கட்ட முடியுமான்னு உங்களுக்கும் வயித்தைக் கலக்கலாம். தைரியம் வரட்டும்னு காத்துக்கிட்டு உட்கார்ந்திருக்காதீங்க, இப்பவே கூப்பிடுங்க. எனக்கு இன்னைக்கு வரைக்கும் தைரியம் வரல. ஆனா ஜெனி காலேஜுக்குப் போய்க்கிட்டிருக்கா.