அத்தை வண்டிக்கு வெல்டிங் வைத்த நாள்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அப்பா தொழிற்சாலையில் வெல்டர். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தும் அந்தக் கொட்டகையில் வெல்டிங்தான் செய்வார். அதற்கான செட்டை அவரே உருவாக்கியிருந்தார். உள்ளே செம்புக் கம்பி சுற்றியதில் பாதிக்கு மேல் அத்தையின் கைவேலை.

அத்தை அப்பாவின் தங்கை. குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து கால்கள் சூம்பிப்போனவள். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில்தான் எங்கேயும் போவாள். அவளுக்கு மணப்பாறையில் டீச்சர் வேலை கிடைத்தது. விடுதியிலேயே தங்க வேண்டும். அப்பாவைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம்.

"இங்க உனக்கு என்ன குறைச்சல்? விழுந்தா தூக்கிவிட அங்க யார் இருக்கா?" என்று போகிற போதும் வருகிற போதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்று பார்த்து வண்டியின் முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பி முறிந்தது.

"நம்ம செட்டு போன மாசமே எரிஞ்சுபோச்சு. வெளியிலயும் இன்னைக்குப் பட்டறை கிடையாது. மெதுவா போயிக்கலாம்" என்றார் அப்பா, பேப்பரைத் தாழ்த்தாமலே.

"நாளைக்குச் சேரலைன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க அண்ணே."

அப்பா பக்கத்தைப் புரட்டினார். அத்தை தரையில் கையூன்றி நகர்ந்து கொட்டகைக்குப் போய்விட்டாள். செட்டின் மூடியைக் கழற்றியதும் தீய்ந்த வாடை வந்தது. கம்பியின் மேல் சுற்றியிருந்த துணிநாடா கருகிக் கிடந்தது. என்னை அனுப்பி அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை எடுத்துவரச் சொன்னாள். அதை நாடா நாடாவாகக் கிழித்துச் சுற்றி, ஜன்னலுக்கு அடித்தது போக மிச்சமிருந்த வார்னிஷைப் பூசி வெயிலில் வைத்தாள். சீக்கிரம் காயட்டும் என்று நான் வாயால் ஊதிக்கொண்டிருந்தேன். வெல்டிங் ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரின் கைப்பிடி விரிசல் விட்டிருந்தது. அதற்குச் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினாள். தன் வேட்டி கிழிபடும் சத்தம் கேட்டும் அப்பா எழுந்து வரவில்லை.

சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் செட் உறுமியது. அத்தை ராடை எடுத்தாள். அப்பாவின் பேப்பர் கீழே விழுந்தது.

"தள்ளு. நீ கம்பியைச் சேர்த்துப் பிடி, போதும். கண்ணை மூடிக்க" என்று வந்து ராடை வாங்கிக்கொண்டார்.

என்னைச் சுவர் பக்கம் திருப்பி நிறுத்தினார்கள். நீல வெளிச்சத்தில் அப்பாவின் நிழல் சுவரில் பெரிதாக ஆடியது, முகத்துக்கு நேரே பிடித்த கறுப்புக் கண்ணாடியோடு. முறிந்த இடத்தோடு அவர் நிறுத்தவில்லை. முறியாத பக்கத்துக்கும் ஒரு பட்டை வைத்துப் பற்றவைத்தார்.

மறுநாள் காலை மணப்பாறை பஸ்ஸின் மேல் வண்டியை ஏற்றி, கயிற்றை அவரே கட்டினார். இறங்கி வந்தபோது கண் இரண்டும் சிவந்து நீர் வழிந்தது. என்னவென்று கேட்டேன்.

"நேத்து வெல்டிங் வெளிச்சம் பட்டுருச்சும்மா."

ஓடிப்போய் ஜன்னலோரம் இருந்த அத்தையிடம் சொன்னேன். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"ஆமா, பட்டிருக்கும். உருளைக்கிழங்கு அரிஞ்சு கண்ணுல வை" என்று சொல்லிவிட்டு முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்படியே செய்தேன். அப்பா மறுபேச்சில்லாமல் படுத்துக்கொண்டார். வைத்தியம் பலித்ததில் எனக்கு ஏகப் பெருமை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்த அத்தைக்கும் அந்த வெளிச்சம் எப்படிப் பட்டது என்பது மட்டும் அப்போது எனக்கு விளங்கவில்லை.